பழுப்பும் நீலமும்

வேலை முடிந்து வந்ததும் அண்ணி செய்கிற முதல் காரியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுவது. பிறகு அதைப் பின்பக்கம் கொண்டுபோய், மிச்சத்தைக் கோழிக்குக் கொட்டிவிட்டு, சத்தம் வராமல் தேய்த்துக் கவிழ்த்து வைப்பார். சனிக்கிழமை மாலைகளில் நான் வேலூரிலிருந்து பஸ் ஏறி ஆம்பூர் வீட்டுக்கு வருவேன். அந்த நேரத்தில்தான் அவரும் ஃபாக்டரியிலிருந்து வருவார். தொடர்ந்து சில வாரங்கள் டப்பா பாதிக்கு மேல் நிறைந்தே திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "கேஸ் பாப்பா. ரெண்டு வாய் வெச்சாலே வயிறு ரொம்பிடுது" என்றார். ரொம்பிடுது என்று சொல்லும்போது சிரித்தார். சோறு மிச்சமாவதில் ஏதோ லாபம் இருப்பதுபோல. நானும் கூடச் சிரித்தேன்.

எனக்கு முப்பது வயது தாண்டிய பிறகும் அவர் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அண்ணன், ஷூ ஃபாக்டரிக்குப் பெண்களை ஏற்றிவரும் பஸ்ஸின் டிரைவர். விடியும் முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் கிராமம் கிராமமாகப் போய், ரோட்டோரம் டப்பாவும் கையுமாக நிற்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு வருவார். அப்படி ஏறியவர்களில் ஒருவர்தான் அண்ணி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தில் யார் உட்கார்வது என்று பெண்களுக்குள் தகராறு வருமாம். "நான் எங்க தகராறு பண்ணேன், எனக்கு அவங்களே எடம் வுட்டுட்டாங்க" என்பார் அண்ணி. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அண்ணி வீட்டாரோ சோளிங்கர் நரசிம்மருக்கு வருஷா வருஷம் மலையேறி மொட்டை போடுகிறவர்கள். மதம் மட்டுமா, சாதியும் வேறு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருடைய அப்பா மகளைப் பற்றிய பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். சண்டை போடவில்லை, ஆள் அனுப்பவில்லை, திட்டக்கூட இல்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். அண்ணனுடைய பஸ் தினமும் அந்த ஊர் வழியாகத்தான் போய் வந்தது. சில நாட்களில் அவர் வயலிலிருந்து நிமிர்ந்து பஸ்ஸைப் பார்ப்பதாக அண்ணன் வந்து சொல்வார். "பஸ்ஸத்தான் பாக்கறாரா?" என்று அண்ணி கேட்பார்.

ஃபாக்டரியில் அண்ணிக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற ஷூவின் மேல்பாகங்களில் இடதும் வலதும் ஒரே நிறத்தில் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். நின்றுகொண்டே செய்கிற வேலை. எனக்கு வேலை வேலூரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில். நோயாளியின் உடம்பிலிருந்து கிள்ளியெடுத்த சதை எங்களிடம் வரும். அதை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாக்குவோம். அதற்கு பிளாக் என்று பெயர். பிளாக்கிலிருந்து வெங்காயத் தோலைவிட மெல்லிய சீவல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் போட்டு டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புவோம். அந்தச் சதைக்குரியவரை நாங்கள் பார்க்கவே மாட்டோம். இரைப்பை, மார்பு, குடல் என்றுதான் எங்களுக்குள் பேச்சு. "அந்த இரைப்பை முடிஞ்சிடுச்சா?" என்று சாதாரணமாகக் கேட்போம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படி இல்லாவிட்டால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

டப்பா நிறைந்து வருவது நிற்கவில்லை. மருந்துக் கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகளால் ஒன்றும் ஆகவில்லை. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. வாயில் குழாய் விட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது, "அதெல்லாம் பேஜார் பாப்பா, லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் போய்டும்" என்றார். கடைசியில் மலம் கறுப்பாகப் போகிறது என்பதை எப்படியோ வெட்கப்பட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார். உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று அதற்கு அர்த்தம். அடுத்த திங்கட்கிழமை நானே கையைப் பிடித்து வேலூருக்குக் கூட்டிப் போனேன். குழாய் விட்ட டாக்டர் உள்ளே ஒரு பெரிய புண்ணைப் பார்த்தார். ஓரங்கள் தடித்துக் கிடந்த புண். அதிலிருந்து கிள்ளிய சதைத் துணுக்குகள் ஒரு சின்ன பாட்டிலில் மிதந்தன. ஒவ்வொன்றும் நொய்யரிசி அளவுகூட இல்லை. அந்த பாட்டில் எங்கே போகும், யார் கைக்குப் போகும், எந்த மேஜையில் எப்போது திறக்கப்படும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரியில் தெரியாததுதான் பயம். எனக்குத் தெரிந்ததே பயமாக இருந்தது.

எங்கள் கூடத்துக்குத் தலைமையாக இருந்த டாக்டரம்மா அதிகம் பேசாதவர். விஷயத்தைக் கேட்டதும், "இதை நீ தொட வேண்டாம். வேற யாராவது பண்ணட்டும்" என்றார். நான் வேறொரு மேஜையில் யாருடைய குடலையோ சீவிக்கொண்டிருந்தேன். பிற்பகலில் அவர் என்னைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். நிற்கிறவர்களை உட்காரச் சொல்கிற பழக்கம் அவருக்கில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புற்றுதான். ஸ்கேனில் கல்லீரலிலும் சில இடங்களில் தெரிந்தது. அறுத்து எடுத்துவிடலாம் என்கிற கட்டம் தாண்டிப் போயிருந்தது.

அடுத்து ஒரு பரிசோதனை பாக்கி. இரைப்பைப் புற்று எல்லாமே ஒரே நோய் இல்லை. சிலருடைய புற்றுச் செல்களின் வெளிச்சுவரில் ஒரு புரதம் அளவுக்கு மீறி முளைத்திருக்கும். ஹெர்-டூ என்று பெயர். வளரு, வளரு என்று செல்லை விரட்டிக்கொண்டே இருக்கும் புரதம் அது. நான் வேலையில் சேர்ந்த புதிதில், மூத்தவர்கள் அதைக் கெட்ட அறிகுறி என்றுதான் சொல்வார்கள். பிறகு அந்தப் புரதத்தையே பிடித்துக்கொண்டு அடைக்கிற மருந்து வந்தது. கெட்ட அறிகுறி, மருந்து வேலை செய்யும் என்பதற்கான அறிகுறியாக மாறிவிட்டது. அந்தப் புரதம் இருந்தால் நாங்கள் போடும் சாயம் செல்லின் சுவரில் பழுப்பாக ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் எல்லாம் நீலமாகவே இருக்கும். பழுப்பின் அடர்த்தியைப் பார்த்து டாக்டர் மதிப்புப் போடுவார். அதில் உச்சம் மூன்று பிளஸ்.

அதுவரை எத்தனையோ தகடுகளுக்குச் சாயம் போட்டிருக்கிறேன். ஒரு நிறத்துக்காக ஜெபம் செய்தது அன்றுதான். சர்ச்சில் முழங்கால் போட்டுக்கொண்டு, ஆண்டவரே பழுப்பாக இருக்கட்டும் என்றால் கேட்கிறவர்களுக்குப் பைத்தியம் என்று தோன்றும். ஆனால் அப்படித்தான் கேட்டேன். மறுநாள் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து, "வந்து பாரு" என்று நகர்ந்துகொண்டார். கோழிக்கூண்டுக் கம்பி வலைபோல செல்லுக்குச் செல் பழுப்புக் கோடு. மூன்று பிளஸ். என்னை அறியாமல் கைகளைக் கூப்பினேன். அவர் தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினார். அந்த இடத்தில் பழுப்பு வெளிறியிருந்தது. இன்னும் நகர்த்தினார். ஒரு மூலையில் செல்கள் கூட்டமாக, சுத்த நீலமாக நின்றன. "இரைப்பையில இப்படித்தான். எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது" என்றார். நான் நீலத்தைப் பார்த்தேன். ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போனது பழுப்பை மட்டும்தான்.

அண்ணிக்கு எதையும் சொல்லக்கூடாது என்பதில் அண்ணன் பிடிவாதமாக இருந்தார். "அல்சர்னு சொல்லு. தெரிஞ்சா அவ அப்பவே பாதி செத்துடுவா." அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான் நடக்கும். ஆனால் மருந்து ஏற்றுவதற்காக முதல் தடவை வேலூருக்குப் போகும் பஸ்ஸில், பள்ளிகொண்டா தாண்டியதும், அண்ணி ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமலே கேட்டார்.

"பாப்பா, அல்சருக்கு எதுக்கு முடி கொட்டும்னு நர்ஸு சொல்லுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "ஒங்கண்ணன் ரெண்டு நாளா என் தட்டுல அவரே சோறு போடறாரு. அப்பவே தெரிஞ்சுட்டுது. நீ மறைக்காத. எனக்கு இன்னா வந்திருக்குதோ அத நீதான் சொல்லணும்."

சொன்னேன். கல்லீரலில் இருப்பதையும் சொன்னேன். பிறகு புரதத்தைப் பற்றி, மருந்தைப் பற்றி, பழுப்பைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினேன். அவர் அழவில்லை. பக்கத்து சீட்டில் ஒருவர் போனில் சத்தமாகத் தோல் விலை பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னா பிரவுனு? டேனா, டார்க்கா?" என்று ஃபாக்டரியில் ஷூவுக்கு நிறம் கேட்பதுபோலக் கேட்டார் அண்ணி.

"டார்க் அண்ணி. நல்லா டார்க்."

"அப்ப சரி" என்றார். பிறகு, "எத்தன நாளுக்குன்னு டாக்டர் சொன்னாங்களா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்தப் புரதம் இருந்தால் சராசரியாக இத்தனை மாதம், இல்லாவிட்டால் இத்தனை என்று கணக்குகள் உண்டு. அவை எனக்கும் தெரியும். ஆனால் அவை முகம் தெரியாத பலபேரைச் சேர்த்துக் கூட்டி வகுத்த கணக்குகள். அந்த வகுத்தலில் அண்ணி எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை எந்தச் சாயமும் காட்டாது. "யாருக்கும் தெரியாது அண்ணி" என்றேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வேலூர் வரும்வரை விடவில்லை.

மருந்து கேட்டது. முடி கொட்டியது, கால் விரல்கள் மரத்துப் போயின, ஆனாலும் கேட்டது. சில மாதங்களில் ஸ்கேனில் கல்லீரல் புள்ளிகள் சுருங்கியிருந்தன. கன்னத்தில் மறுபடி சதை பிடித்தது. தலையில் சின்னதாக முடி முளைத்ததும் அண்ணி ஃபாக்டரிக்குத் திரும்பிப் போனார். அண்ணன் கத்தினார். "வீட்ல ஒக்காந்திருந்தா எல்லாரும் என்னையே பாக்கறாங்க. அங்கன்னா ஷூவப் பாப்பாங்க" என்றார் அண்ணி. மறுநாள் அண்ணன் அவரை டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த பழைய இடத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். செக்கிங் மேஜையருகில் சூப்பர்வைசரம்மா ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாராம். அந்த வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒரே ஆள் தான்தான் என்று அண்ணி பெருமையாகச் சொன்னார்.

அந்த நல்ல மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும், "பாப்பா, எங்க ஊருக்குப் போலாமா?" என்றார். அண்ணனைக் கூட்டிக்கொள்ளவில்லை. அவர்களுடைய பதின்மூன்று வயது மகளையும் கூட்டிக்கொள்ளவில்லை. "நைனா என்ன மட்டும் பாக்கட்டும் மொதல்ல" என்றார். அப்பாவை அவர்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அணைக்கட்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஊருக்குப் போனோம். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டு வாசலில் பெரியவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கையைத் தொட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

"நைனா" என்றார் அண்ணி.

பிறகு பெரியவர், "இன்னாம்மா இப்பிடி எளச்சிப்புட்ட?" என்றார்.

"வேல ஜாஸ்தி நைனா."

"வா. வந்து துன்னு."

இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான் பேச்சு. பெரியவரின் மருமகள் களி கிண்டினாள். மொச்சைக்கொட்டையும் கருவாடும் போட்ட குழம்பு. மருமகளை நகரச் சொல்லிவிட்டுப் பெரியவர் தன் கையாலேயே பரிமாறினார். அண்ணியின் தட்டில் பெரிய களி உருண்டை விழுந்தது. மருந்து புண்ணைச் சுருக்கியிருந்தாலும் இரைப்பை பழையபடி விரியாது. ஒரு வேளைக்கு ஒரு இட்லி, கொஞ்சம் கஞ்சி என்றுதான் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போதும் என்று நான் கண்ணால் சாடை காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு வாயாகக் குழம்பில் தோய்த்து, நிதானமாக, முகத்தில் சிரிப்போடு முழு உருண்டையையும் சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பெரியவர் இன்னொரு பாதி உருண்டையை வைத்தார். அதையும் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பெரியவர் எதிரில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது, "மாப்ளையயும் கொயந்தயயும் இட்டுகினு வா" என்றார். மாப்பிள்ளை என்று அண்ணனைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

திரும்பும் பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதுமே அண்ணி என் தோளை இறுகப் பிடித்தார். கண்டக்டரிடம் கெஞ்சி வண்டியை நிறுத்தி இறங்கினோம். ரோட்டோரப் புளியமரத்தடியில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. வலியில் அவர் உடம்பு வில்லாக வளைந்தது. நான் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஏன் அண்ணி, ஏன் இப்படிப் பண்ணீங்க என்று அழுதேன். வாயைத் துடைத்துக்கொண்டு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்துப்போய், வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. ஆனால் அவ்வளவு நிறைவாக அவரை நான் எப்போதும் பார்த்ததில்லை. "நைனா கையால போட்டுச்சி பாப்பா. எப்பிடி வேணான்னு சொல்றது?" என்றார்.

அதன்பிறகு அண்ணனும் மகளும் ஒருமுறை போய் வந்தார்கள். நோயைப் பற்றி மட்டும் பெரியவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணி வாங்கிய சத்தியம் அது.

ஒரு வருஷம் நன்றாகப் போயிற்று. அதற்குமேல் கொஞ்ச நாளில் மறுபடி டப்பா நிறைந்து வந்தது. இந்தத் தடவை யாரும் கேஸ் என்று சொல்லவில்லை. மீண்டும் குழாய் விட்டுக் கிள்ளினார்கள். மீண்டும் சாயம் போட்டார்கள். டாக்டரம்மா தகட்டை முழுக்க நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். எங்கும் பழுப்பு இல்லை. ஒரு மூலையில் கூட்டமாக நின்ற அந்த நீலச் செல்கள்தான் இப்போது இரைப்பை முழுவதும். மருந்து தனக்குத் தெரிந்த எதிரியையெல்லாம் கொன்றுவிட்டது. அது பிடித்துக்கொள்ளப் புரதம் இல்லாதவை பிழைத்து, காலியான இடத்தை நிரப்பிக்கொண்டன. டாக்டரம்மா தன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அந்த மருந்தால இனிமே பிரயோஜனமில்ல" என்றார். வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு தாங்கவில்லை.

கடைசி வாரத்தில் அண்ணன் சத்தியத்தை மீறினார். பஸ்ஸை ஊருக்குள் திருப்பிக்கொண்டு போய், பெரியவரை அதிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். ஃபாக்டரிப் பெண்களுக்கு நடுவில் வேட்டியை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்த அவர், மகள் படுக்கையருகில் நின்றார். அண்ணிக்கு அப்போது பேச்சு கம்மி. அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். சாயங்காலம் பெரியவர் வெளியே வந்து என்னிடம் கேட்டார்:

"ஏம்மா, அன்னிக்கு ஊட்டுக்கு வந்துச்சே, அப்பவே இது இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா."

"எல்லாத்தயும் துன்னுச்சேம்மா." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "நான்தானே மேல இன்னும் வெச்சேன்."

புளியமரத்தடியைப் பற்றி நான் சொல்லவில்லை. "அன்னைக்கு அவங்களுக்கு இருந்த சந்தோஷம் மாமா, அதுமாதிரி நான் பாத்ததே இல்ல" என்றேன். அதுவும் உண்மைதானே. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆம்பூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. ஃபாக்டரியிலிருந்து ஒரு பஸ் நிறையப் பெண்கள் வந்தார்கள். போதகர் ஜெபம் செய்யும்போது எப்போது கையெடுப்பது, எப்போது தலை குனிவது என்று தெரியாமல், பெரியவர் அண்ணனையே பார்த்துப் பார்த்துச் செய்தார். மண் போடும் நேரம் வந்ததும் யாரையும் பார்க்கவில்லை.

அது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. போன மழைக்காலத்தில் எங்கள் கூடத்துக்குப் புதிதாக ஒரு பரிசோதனை வந்தது. வேறொரு புரதம். நல்ல இரைப்பைச் செல்களிலும் அது உண்டு. ஆனால் அங்கே செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கில் மறைந்திருக்கும். புற்று வந்து செல்கள் ஒழுங்கு குலையும்போது வெளியே தெரியவரும். அதைப் பிடித்துக்கொள்ளவும் இப்போது மருந்து வந்திருக்கிறது. புதுப் பரிசோதனையை ஆரம்பிக்கும் முன்பு, சாயம் சரியாக ஏறுகிறதா என்று பழைய பிளாக்குகளில் போட்டுப் பார்ப்போம். எந்தெந்தப் பழைய இரைப்பை என்று எடுத்துக்கொடுப்பது என் பொறுப்பு. அண்ணியை மண்ணில் வைத்துவிட்டோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நொய்யரிசி அளவு அண்ணி, மெழுகுக்குள், எங்கள் ஸ்டோர் ரூமில் இருக்கிறார். இத்தனை வருஷம் அந்த அலமாரிப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டவள், அன்று அவருடைய கடைசி பிளாக்கை, அந்த நீல பிளாக்கை, நானே எடுத்தேன். நானே சீவினேன். டாக்டரம்மா ஓய்வுபெற்றுப் போய்விட்டார். தொட வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை.

தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பழுப்பு. நகர்த்தினேன், பழுப்பு. ஓரங்களுக்குப் போனேன், மூலைக்குப் போனேன். நீலமாக ஒரு கூட்டமும் இல்லை. எங்கும் ஒரே சீராக, ஆழ்ந்த பழுப்பு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு மனமாகத்தான் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த மருந்து அப்ப இருந்திருந்தா?" என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"இப்ப வர்றவங்களுக்கு அது கெடைக்குதா?"

"கெடைக்க ஆரம்பிச்சிருக்குதுண்ணே. எல்லாருக்கும் ஒத்துவராது. சாயம் ஏறணும். சீக்கிரமா வந்துட்டா மருந்தே வேணாம், ஆபரேஷன்லயே போய்டும்."

தலையை ஆட்டிவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.

அதன்பிறகுதான் எங்கள் கூடத்து வாசலுக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். தோல் வாசனை போகாத புடவையோடு, கையில் டப்பாவோடு, "டிரைவர் அண்ணன் அனுப்பிச்சாரு" என்று நிற்பார்கள். வயிறு எரிகிறது என்பார்கள், சாப்பிட முடியவில்லை என்பார்கள். நான் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டுவேன். போன வாரம் வந்தவளுக்கு அண்ணியின் வயதுகூட இருக்காது. எலும்பும் தோலுமாக இருந்தாள். குழாய் விட்டு, கிள்ளி, முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. சாதாரணப் புண். மாத்திரையில் ஆறிவிடும்.

உடனே அண்ணனுக்குப் போன் செய்தேன். ஃபாக்டரி விடும் நேரம். வண்டி இன்னும் கிளம்பவில்லை போல.

"வெறும் புண்ணுதாண்ணே. வேற ஒண்ணும் இல்ல."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்குள் பெண்கள் எதற்கோ ஒருத்தியைக் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அண்ணன் அழுதுகொண்டிருந்தது எனக்கு மட்டும் கேட்டது. நான் போனை வைக்கவில்லை. பிறகு, "சரி, வெக்கிறேன். இவங்கள ஊட்ல சேக்கணும்" என்றார்.